பாரைக் காட்டாத வரைபடம்

என் வேலை என்ன என்று சொந்தக்காரர்களுக்கு விளக்கி விளக்கி அலுத்துவிட்டது. வரைபட வேலை என்றால், பள்ளிக்கூடச் சுவரில் தொங்குமே அதுவா என்பார்கள். வரைபடத்துக்குப் பின்னால் இருக்கிற விவரங்களை அடுக்கி வைக்கிற வேலை என்றால் முழிப்பார்கள். எந்த உப்பளம் எந்த ஓடையை ஒட்டி இருக்கிறது, எந்த வீட்டுமனை அந்த ஓடையில் பாதியை விழுங்கியிருக்கிறது, முத்தையாபுரத்துக்குப் போகிற தண்ணீர்க் குழாய் எந்தத் தெருவில் திரும்புகிறது, இப்படி இடத்தோடு ஒட்டிய செய்திகளை ஒரு தரவுத்தளத்தில் போட்டு, கேட்ட கேள்விக்குப் பதில் வரும்படி செய்வதுதான் நான் செய்வது. இப்போதெல்லாம் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லி முடித்துக்கொள்கிறேன். உடனே யாராவது தன் போனை நீட்டி, ரொம்ப மெதுவா ஓடுது, என்னன்னு பாரு என்கிறார்கள்.

தூத்துக்குடியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது எங்கள் அலுவலகம். அங்கே சில வருடங்களுக்கு முன்னால் கடல் வேலை ஒன்று வந்தது. கப்பல் வரும் தடத்தை ஆழப்படுத்தப் போகிறார்கள். தோண்டி எடுக்கும் மண்ணைக் கரையிலிருந்து தள்ளிக் கடலிலேயே ஓர் இடத்தில் கொட்ட வேண்டும். எங்கே கொட்டினால் மீன் பிடிக்கிறவர்களுக்குக் கெடுதல் இல்லை என்று முதலில் பார்க்க வேண்டும். வடக்கே கீழவைப்பாரிலிருந்து தெற்கே ஆலந்தலை வரை ஊர் ஊராகப் போய், அவரவர் மீன் பிடிக்கும் இடங்களைக் கேட்டு வாங்கி, தரவுத்தளத்தில் ஏற்றி, கொட்டும் இடத்தை அதன்மேல் வைத்துப் பார்ப்பது எங்கள் பங்கு.

"சுலபமான வேலைம்மா" என்றார் எங்கள் மேலாளர். "கேட்டா சொல்லப் போறாங்க. இதுல என்ன இருக்கு?" அவர் தாமிரபரணிக் கரை நெல் ஊர்க்காரர். வயல் எங்கே என்று கேட்டால் வரப்பில் நின்று பெருமையாகக் கை நீட்டிக் காட்டுகிற குடும்பம். வயலை ஒளித்து வைக்க முடியாது, ஒளித்து வைக்க வேண்டிய அவசியமும் இல்லை. நான் கடற்கரைக்காரி. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

கடலுக்கடியில் சேறும் மணலுமாகப் பரந்து கிடக்கும் தரையில் ஆங்காங்கே கல்தரை இருக்கும். அதைப் பார் என்பார்கள். ஒரு காலத்தில் முத்துச்சிப்பி விளைந்தது இந்தப் பார்களில்தான். இப்போது களவா மீனும் விளமீனும் வந்து அண்டுகிற இடமும் அதுதான். பெரிய பார்களுக்குப் பெயர் உண்டு. எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் போவார்கள், ஆகவே அங்கே அதிகம் மிச்சமிருக்காது. ஆளை வாழவைப்பவை சின்னச் சின்னப் பார்கள். கண்டுபிடித்தவரோடு அது இருக்கும். வெளியே தெரிந்துவிட்டால் அடுத்த வாரம் அங்கே வள்ளங்கள் வரிசை கட்டி நிற்கும். அதற்கடுத்த மாதம் அது வெறும் கல்.

என் அக்காவைக் கீழவைப்பாரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அத்தானுக்கு ஒரு ஃபைபர் வள்ளம், தூண்டில் தொழில். அவரிடம் அப்படி ஒரு பார் இருக்கிறது. ஒரு தடவை போட்ட நங்கூரத்தை எடுக்க முடியாமல் மல்லுக்கட்டிக் கடைசியில் கயிற்றை அறுத்துவிட்டு வந்தார். நங்கூரம் போனது, பார் கிடைத்தது. அக்கா வீட்டு மாடியும், மூத்த மகளின் நர்சிங் படிப்பும் அந்தக் கல்லிலிருந்து வந்தவை. அங்கே போகிற நாளில் அத்தான் முதலில் வடக்கே போவார். மற்ற வள்ளங்கள் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் திருப்புவார். ஜிபிஎஸ் திரைமேல் துண்டைப் போட்டு மூடியிருப்பார், கூட வருகிற ஆளுக்கும் தெரியாது. கரைக்கு வந்ததும் அந்த மெஷினைக் கழற்றிக் கொண்டுவந்து அலமாரியில் வைத்துப் பூட்டுவார். அக்கா தன் சங்கிலியைக்கூட அவ்வளவு பத்திரமாக வைத்துக்கொண்டதில்லை.

ஆகவே இந்த வேலை வந்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அத்தானின் முகம். இடத்தைச் சொல்லாவிட்டால் அவர் பார்மேல் மண் விழலாம். சொன்னால், அது எங்காவது ஒழுகி, பார் ஊர்ச்சொத்தாகிவிடலாம். இரண்டில் எது நடந்தாலும் பார் போனது போனதுதான். கரை முழுக்க இதே நிலைமையில் எத்தனையோ குடும்பங்கள். எந்தத் தரவுத்தளத்தை எடுக்கிறோம் என்பதில் அவர்கள் பிழைப்பு தொங்கிக்கொண்டிருந்தது. இதை மேலாளருக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

அவர் ஏற்கெனவே ஒன்றை மனதில் முடித்து வைத்திருந்தார். மொத்தத் தரவுத்தளமும் ஒரே ஒரு கோப்புக்குள் அடங்கிவிடுகிற வகை அது. சர்வர் வேண்டாம், நிறுவுகிற தலைவலி இல்லை. புள்ளி, கோடு, பரப்பு எல்லாம் அதற்குப் புரியும். அதைக் குறை சொல்ல மாட்டேன். கிணறுகளைக் கணக்கெடுத்தபோது நானே அதைத்தான் வைத்திருந்தேன், சிக்னல் இல்லாத ஊரிலும் மடிக்கணினியில் சொன்னபடி கேட்டது. "பென் டிரைவ்ல போட்டு எங்க வேணும்னாலும் கொண்டு போகலாம்மா" என்று அதன் பெருமையைச் சொன்னார் மேலாளர். அதுதான் சார் பிரச்சினை என்றேன். எங்கே வேண்டுமானாலும் கொண்டு போகலாம் என்றால் யார் வேண்டுமானாலும் கொண்டு போகலாம். கோப்பு யார் கையில் கிடைத்தாலும் கரையின் மொத்தப் பார்களும் அவர் கையில்.

அடுத்தது பணம் கட்டி வாங்குகிற பெரிய மென்பொருள். விற்க வந்தவர்கள் காட்டிய திரைகள் கண்ணை நிறைத்தன. கடலின் ஆழம் நீலம் நீலமாக இறங்கியது, கப்பல்கள் ஊர்ந்தன. எங்கள் விவரங்கள் எந்த ஊரில், எந்த இயந்திரத்தில் இருக்கும் என்று கேட்டேன். மேகத்தில் என்றார்கள். அந்த மேகம் எந்த ஊர்மேல் நிற்கிறது என்று கேட்டேன். சிரித்தார்கள், ஊர்ப் பெயர் வரவில்லை. விலையைச் சொன்னதும் மேலாளரின் சிரிப்பும் நின்றது.

இணையதளங்களுக்கு வழக்கமாகப் போடுகிற இன்னொன்றையும் சோதித்தேன். இடத்தை வைத்துக்கொள்வேன் என்றது, வைத்துக்கொண்டது. ஆனால் நான் வைத்திருந்த முறையில் அது பூமியைத் தட்டைத் தாளாக நினைத்துக்கொண்டது. இரண்டு இடங்களுக்கு நடுவே எவ்வளவு தூரம் என்று கேட்டால் பூஜ்யம் புள்ளி பூஜ்யம் மூன்று என்றது. என்ன மூன்று? டிகிரி. டிகிரியை வைத்துக்கொண்டு யார் வள்ளத்துக்கு டீசல் போடுவது? அதைச் சரிக்கட்ட வழி உண்டு, சுற்று வழி. எனக்கு அதில் பொறுமை இல்லை.

மேலாளர் ஒவ்வொரு தடவையும் கேட்டது ஒரே கேள்வி. "எதும்மா வேகம்?" எங்களுக்கு வரப்போவதோ சில நூறு புள்ளிகள். பக்கத்துத் தெருவுக்குப் போக எந்த ரயில் வேகமாகப் போகும் என்று விசாரிப்பது போலிருந்தது. அதை அவரிடம் சொல்லவும் செய்தேன். இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

இந்த வேலையில் மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது அது என்னவெல்லாம் காட்டும் என்றே எல்லோரும் பார்க்கிறோம். எதைக் காட்டாமல் வைத்திருக்கும் என்று கேட்கிறவர்கள் குறைவு. நானும் அதற்குமுன் கேட்டதில்லை. உப்பளத்துக்கும் ஓடைக்கும் அந்தக் கேள்வி தேவைப்படவில்லை. பாருக்குத் தேவைப்பட்டது. அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபோது, இலவசமாகக் கிடைக்கிற போஸ்ட்ஜிஐஎஸ் எனக்குச் சரியாகப் பட்டது. எங்கள் அலுவலகத்துச் சர்வரிலேயே இருக்கும். பூமி உருண்டை என்று அதற்குத் தெரியும், தூரத்தை மீட்டரில் சொல்லும். முக்கியமாக, யார் எதைப் பார்க்கலாம் என்று அட்டவணையின் ஒவ்வொரு வரிசைக்கும் தனியாகக் கட்டுப்படுத்தலாம்.

நான் அதில் ஒன்று செய்தேன். ஊர்க்காரர்களின் இடங்கள் இருக்கும் அட்டவணையை எல்லோருக்கும் மூடிவிட்டு, ஒரே ஒரு சன்னலை மட்டும் திறந்து வைத்தேன். மண் கொட்ட நினைக்கும் இடத்தைச் செவ்வகமாக வரைந்து அந்தச் சன்னலில் கொடுத்தால், உள்ளே இருக்கும் எந்த இடத்தையாவது அது தொடுகிறதா என்று பார்த்து, ஆம் அல்லது இல்லை என்று மட்டும் சொல்லும். எதைத் தொட்டது, யாருடையது, எத்தனை என்று சொல்லாது. துண்டு துண்டாகக் கேட்டு யாரும் மோப்பம் பிடித்துவிடக் கூடாது என்று, சின்னச் செவ்வகங்களை வாங்க மறுக்கும்படியும் செய்தேன். செய்து முடித்த அன்று எனக்கு என்மேலேயே ஒரு மரியாதை வந்தது.

கீழவைப்பாரில் கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டு மேலாளர் இதை விளக்கினார். விளக்குகிற உற்சாகத்தில், "யாருமே பாக்க முடியாது, நாங்களே பாக்க முடியாது" என்றார். திரும்பி வரும் வழியில் காரில், அது அப்படியில்லை சார், தரவுத்தளத்தை நிர்வகிக்கிற ஆள் எப்போதும் பார்க்கலாம், அந்த ஆள் நான் என்றேன். "அதெல்லாம் சொன்னா குழம்பிருவாங்கம்மா" என்றார். அவர் சொன்னதை மண்டபத்தில் யாரும் நம்பவில்லை என்பதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நிறையத் தலைகள் ஆடின. எங்கள் கரையில் அவ்வளவு தலை ஒன்றாக ஆடினால் ஒருத்தரும் ஒப்புக்கொள்ளவில்லை என்று அர்த்தம்.

மண்டபத்தின் பக்கத்து அறையில் ஒரு டேப்லெட்டை வைத்தோம். ஒவ்வொருவராக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, தன் இடத்தின் எண்களை அடித்துவிட்டு வர வேண்டும். பங்குச்சாமியாரிடம் பாவங்களைச் சொல்கிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போவது போலத்தான் போனார்கள். வெளியே வந்தபோது முகங்கள் தெளிவாகவே இருந்தன. அத்தான் மட்டும் அந்தப் பக்கமே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அக்கா வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டு முடித்ததும் அத்தான் அலமாரியைத் திறந்து ஜிபிஎஸ் மெஷினை எடுத்து வந்தார். அக்காவைப் பார்த்தார். "நீ குசினிக்குப் போ" என்றார். "ஆமா, நான் அதைத் தூக்கிட்டுக் கடலுக்குப் போகப் போறேன்" என்று முனகிக்கொண்டே அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

"ஏளா, யாருமே பாக்க முடியாதுன்னு உன் மேனேஜர் சொல்லுதாரு. நெசமா?"

"இல்ல அத்தான். நான் பாக்கலாம். சாவி ஒருத்தர்ட்ட இருந்துதான ஆகணும்."

"நீ பாத்தா என்ன? நீ நம்ம பிள்ளைல்லா" என்றார். திரைமேல் கிடந்த துண்டை விலக்கி, ஒரு குறிப்பைத் திறந்து, எண்களை ஒவ்வொன்றாக வாசித்தார். நான் அடித்தேன். கட்டின பெண்டாட்டிக்குச் சொல்லாத இடத்தை என்னிடம் சொல்கிறார் என்ற நினைப்பில், பஸ்ஸில் திரும்பும்போது மடிக்கணினிப் பையைக் கைக்குழந்தையைப் போலக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தேன்.

எல்லா ஊரும் முடிந்த பிறகு விவரங்களைச் சரிபார்த்தேன். எந்த வரிசையையும் திறக்கவில்லை, கேள்விகளை மட்டும் கேட்டேன். நிலத்தின்மேல் ஏதாவது விழுகிறதா என்று கேட்டால், விழுந்தது. ஜிபிஎஸ் மெஷின் டிகிரிக்குப் பிறகு நிமிடத்தைக் காட்டும். அந்த நிமிடத்தை மாற்றாமல் டிகிரிக்குப் பிறகு புள்ளி போட்டு அப்படியே அடித்தவர்களின் பார்கள் தெற்கே நகர்ந்து, திருச்செந்தூர்ப் பக்கம் கரையேறி, தேரி என்கிற செம்மணல் மேட்டில் கிடந்தன. அது எங்கள் தொழிலில் சகஜம், திருத்திவிட்டேன். அடுத்து ஆழ வரைபடத்தை வைத்து, கல்லோ மேடோ இல்லாத வெறும் சேற்றில் எத்தனை புள்ளிகள் என்று கேட்டேன். பாதிக்கு மேல் சேற்றில் இருந்தன.

"பொய்யா சொல்லியிருக்காங்க?" என்று மேலாளர் எழுந்து நின்றுவிட்டார். பொய் என்று ஏன் சொல்கிறீர்கள் என்றேன். கடலிலிருந்து வருகிறவரிடம் மீன் எங்கே பட்டது என்று கேட்டால், எதிர்த்திசையைக் கை காட்டுவது எங்கள் பக்கத்தில் மரியாதை மாதிரி. கேட்டவருக்கும் தெரியும், சொன்னவருக்கும் தெரியும். நல்லாருக்கியா என்று கேட்டால் நல்லாருக்கேன் என்று சொல்வதில்லையா, அதுபோல. மேலும் சேற்றில் நண்டு பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், இறால் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். எது பொய், எது நண்டு என்று உட்கார்ந்த இடத்தில் சொல்ல முடியாது. கொடுத்தது கொடுத்தபடி இருக்கட்டும் என்று முடிவாயிற்று. அத்தான் கொடுத்த இடத்தை மட்டும் தனியாகப் பார்த்தேன், நானே அடித்ததுதானே. நல்ல கல்தரைமேல் உட்கார்ந்திருந்தது. எனக்கு நிம்மதி.

பிறகு செவ்வகத்தை வைத்துப் பார்க்கத் தொடங்கினோம். முதலில் குறித்த இடத்துக்கு ஆம் என்றது. கொஞ்சம் தெற்கே தள்ளினோம், ஆம். கிழக்கே, ஆம். ஊர் ஊராக அள்ளிக் கொடுத்த புள்ளிகளுக்கு நடுவே செவ்வகம் இடமில்லாமல் அலைந்தது. பல நாள் இப்படி நகர்த்தி நகர்த்தி, கடைசியில் ஓர் இடத்தில் வைத்தபோது, இல்லை என்று பதில் வந்தது. அத்தான் சொன்ன இடம் அங்கிருந்து வெகு தூரம். மேலாளர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

அதை ஊரறியச் சொல்வதற்கு நகரத்தில் ஒரு மண்டபத்தில் கூட்டம் நடந்தது. எல்லா ஊர்க்காரர்களும் வந்திருந்தார்கள். அத்தானும் வெள்ளைச் சட்டை போட்டுப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பெரிய திரையில் கடலைக் காட்டி, அதன்மேல் செவ்வகத்தை வைத்து, எல்லோர் கண்முன்னாலும் கேள்வியைக் கேட்டேன். இல்லை என்று திரையில் வந்தது. மேடையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். திருத்தம் ஏதாவது இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லலாம் என்று அறிவித்தார்கள். கீழே சத்தமே இல்லை. நிம்மதியில் பேச்சு வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

டீ கொடுத்துக்கொண்டிருந்தபோது அத்தான் வந்து என் பக்கத்தில் நின்றார். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார்.

"அதைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்ல முடியுமாளா?"

"எதுக்கு அத்தான்? உங்க இடத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. நான் பாத்துட்டேன்."

அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் முகத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு மெல்லப் புரிந்தது. புரிந்ததும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்கிட்டயுமா?" என்றேன்.

"உன்ட்ட பொய் சொல்லணும்னு சொல்லல. மெஷின்ல அதுக்குன்னு மீன் அத்துப்போன பழைய கல்லு ஒண்ணு வச்சிருக்கேன். யாராவது கேட்டா காட்டதுக்கு. நீ கேட்டதும் கை தன்னால அதைத் திறந்துட்டு, வாயும் சொல்லிட்டு. சொன்ன பெறவு மாத்திச் சொல்ல வெக்கமாப் போச்சு." டம்ளரை மறுகைக்கு மாற்றிக்கொண்டு, "இம்புட்டுக் கடல் கிடக்கு, என் தலையிலயா வந்து விழும்னு நெனச்சேன்" என்றார்.

அவரைத் திட்ட வாயைத் திறந்தவள் அப்படியே நின்றேன். அவர் தலையில் விழுந்தது தற்செயல் இல்லை. எல்லோரும் தங்கள் பாரை விட்டுவிட்டு வேறு இடத்தைச் சொல்லியிருக்கிறார்கள். வரைபடம் முழுக்க அந்த இடங்கள் அடைத்துக்கொண்டன. அப்படியானால் யாருமே சொல்லாமல் காலியாகக் கிடக்கிற பரப்பில்தான் உண்மையான பார்கள் இருக்கின்றன. நானும் என் தரவுத்தளமும் எவ்வளவு கவனமாக, எவ்வளவு சரியாக வேலை செய்தோமோ, அவ்வளவு சரியாக அங்கே கொண்டுபோய் மண்ணைக் கொட்டத் தயாராக நின்றோம். மென்பொருள்மேல் ஒரு பிழை சொல்ல முடியாது. கேட்டதற்குப் பதில் சொன்னது. அதனிடம் கொடுத்ததுதான் அப்படி. சுற்றிப் பார்த்தேன். டீயைக் குடிக்காமல் நின்றவர் அத்தான் ஒருவர் மட்டும் இல்லை.

மண்டபத்துக்குப் பின்னால், பாத்திரம் கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு படிக்கட்டு இருந்தது. அங்கே உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தேன். மெஷின் கொண்டுவந்தீர்களா என்று கேட்டேன். "அது எதுக்கு?" என்றார். யாரும் வருகிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு குனிந்து என் காதோரம் எண்களைச் சொன்னார். முதல் தடவை கணீரென்று வாசித்த மனிதருக்கு இப்போது குரல் எழும்பவே இல்லை. ஓர் எண்ணைச் சொல்லிவிட்டு அடுத்த எண்ணுக்கு வெகுநேரம் எடுத்துக்கொண்டார். அவர் உடம்பிலிருந்து ஒன்றைப் பிடுங்கி எடுப்பது போல எனக்கே சங்கடமாக இருந்தது. உண்மையைச் சொல்வது அவருக்கு அவ்வளவு வலித்தது, அந்த வலியைப் பார்த்துத்தான் இது உண்மை என்று நம்பினேன்.

செவ்வகத்தை வைத்து மறுபடியும் கேட்டேன். ஆம் என்று வந்தது.

"தொடுதா?"

"தொடுது. இனிமே அங்க கொட்ட முடியாது."

அத்தான் அந்த ஒரு சொல்லைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமைக்குள் எங்கள் மாடிப்படி தேய்ந்துவிட்டது. ஒவ்வொரு ஊரிலிருந்தும் தனித்தனியாக வந்தார்கள். ஒருவர் இருக்கும்போது இன்னொருவர் வந்தால், கீழே ஜெராக்ஸ் எடுக்க வந்ததாகச் சொல்லிக்கொண்டார்கள். டேப்லெட்டை வாங்கித் திரும்பி உட்கார்ந்து தாங்களே அடித்தார்கள். எல்லோருக்கும் சின்னத் திருத்தம்தான், எல்லோருக்கும் காரணமும் ஒன்றுதான். ஜிபிஎஸ் பழசு. "இந்தக் கரையில ஒரு நல்ல ஜிபிஎஸ்கூடக் கிடையாதா?" என்று மேலாளர் என்னிடம் கேட்டார். உப்புக் காற்று சார் என்றேன். செவ்வகம் மறுபடியும் இடம் தேடி அலைந்து, கடைசியில் கண்டத்திட்டின் விளிம்பைத் தாண்டி ஆழத்துக்குப் போனது. தூரம் கூடுதல் என்று முணுமுணுத்தார்கள், ஆனால் ஒப்புக்கொண்டார்கள். பார்கள் பிழைத்தன. எவை என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

எனக்கு ஒன்று மட்டும் தெரியும். தெரிந்துகொண்டதிலிருந்து அது ஒரு பாரமாகத்தான் இருக்கிறது. மற்றவர்களின் வரிசைகளை நான் திறப்பதில்லை, அதில் சிரமம் இல்லை. இதை நான் திறக்க வேண்டியதே இல்லை. எண்கள் காதிலேயே இருக்கின்றன. சந்தையில் களவாவைப் பார்த்தால்கூட அவை தாமாக ஓடும்.

அந்த மாதக் கடைசியில் கீழவைப்பாருக்குப் போயிருந்தேன். அத்தான் கடலுக்குப் போயிருந்தார். அக்கா குசினியில் உட்கார்ந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் வீட்டுக் கதை பேசிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"அந்த இடம் உனக்குத் தெரியுமாமே."

நான் வெட்டின துண்டுகளைச் சட்டியில் எடுத்துப் போட்டேன்.

"கட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து கேக்கேன். எனக்கு ஒரு நாள் சொன்னதில்ல. நான் யார்ட்டளா சொல்லப் போறேன்? எங்கன போறாருன்னு தெரிஞ்சா, விடியுமுன்ன அவர் கெளம்பிப் போன பெறவு அந்தப் பக்கமாப் பாத்து ஒரு செபம் சொல்லுவேன். அவ்வளவுதான்." வெட்டுவதை நிறுத்தியிருந்தாள். விளையாட்டாகக் கேட்டிருந்தால் சொல்ல மாட்டேன் என்று சிரித்திருப்பேன். அவள் விளையாடவில்லை. இவளுக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது, சொல்லிவிடுவோம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"வேம்பாருக்கு நேரே, நல்லா வெளியே போகணும்" என்றேன். என் கை தன்னால் நீண்டு வடக்கே காட்டியது. காதில் எண்கள் தெற்கே ஓடிக்கொண்டிருந்தன.

"அதான் நெனச்சேன். வடக்கதான் போவாரு" என்றாள் அக்கா. எத்தனையோ வருடமாக மனதில் கிடந்தது இறங்கிய நிறைவு அவள் முகத்தில் தெரிந்தது. குசினிச் சன்னல் வழியாக நான் காட்டிய பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கையைக் கழுவி, அந்தத் திசைக்குச் சிலுவை போட்டுக்கொண்டாள்.